மிஞ்சுற கரண்ட் யாருக்கு

அன்புள்ளவளுக்கு,

மாதா கோயில் கூரையில் சோலார் பலகை போடும் வேலை நேற்று என் கையை விட்டுப் போகப் பார்த்தது. பயப்படாதே, நான் சுகம்தான். உன் முழங்கால் வலி தேவலையா?

இந்த ஒரு வேலையை நம்பித்தான் சரக்கு முழுவதையும் இறக்கியிருந்தேன். கோயிலின் பங்குப் பேரவைக் கூட்டத்தில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பங்குச் சாமியார் பேனாவை மூடிவிட்டார்.

"அரசாங்க மானியம் சொந்தக் கூரை இருக்கிறவனுக்குத்தான் வருது. பின்தெருவுல வாடகைக்கு இருக்கிற ஆறு குடும்பமும் வரி கட்டுதுல்ல? ஏழைக்குத்தான் முதல் பங்குன்னு பிரசங்கம் பண்ணிட்டு, மிஞ்சுற கரண்டை நாம வித்துக் காசாக்குறதா?"

பேரவைப் பொருளாளருக்குக் கோபம். "கரண்டுக்கும் ஞானஸ்நானம் கொடுக்கணுமா சாமி?"

"மானியத்துக்குக் கொடுத்தா போதும்யா."

ஒருவரும் சிரிக்கவில்லை. மிஞ்சுவதை அந்த ஆறு வீட்டுக்கும் கொடுப்பதானால் கம்பி இழுக்கும் செலவு யாருடையது என்று எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சாமியார் சொன்னது நியாயம்தான்; நானும் இங்கே வாடகைக்காரன். ஆனால் நியாயத்துக்கும் ஒருத்தன் பணம் கட்ட வேண்டுமே! மறுத்தால் சரக்கு தேங்கிக் கடையே போய்விடும்.

வருகிறவர் யாரிடமாவது நீ போர்த்துகிற பழைய போர்வையைக் கொடுத்தனுப்பு. புதுசு வேண்டாம். சின்னவள் பாடுவதைப் பதிவு செய்து அனுப்பு. வேன் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

பி.கு. கூட்டத்தில் கடைசியாகப் பேசி முடித்தது இதுதான்: பலகைக்கு முன்பு சொன்ன விலையே. கம்பியும் மீட்டரும் என் செலவு. லாபத்தில் பாதி அதில் போகும். கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டுவது பேரவை ஆட்கள். மிஞ்சும் கரண்ட் பத்து வருடத்துக்கு அந்த ஆறு வீட்டுக்கு.