சத்தமில்லாத பியானோ

14 மார்ச் 2005, திங்கள்

ஒரு காலத்தில் அப்பாவின் பியானோ வானொலியில் போனால் சலூன்காரர் கத்தரியை நிறுத்திவிட்டுக் கேட்பார். டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்து போனபின், டச்பார் கடற்கரையில் எங்கள் வீட்டுப் பியானோவுக்குள் மணல் இறுகிக் கிடக்கிறது. மாலையானால் அப்பா அதில்தான் வாசிக்கிறார். கட்டைகள் தாழ்கின்றன; ஒலி எழுவதில்லை.

கொழும்பு வானொலி அவரை மறுபடி ஒலிப்பதிவுக்கு அழைத்திருக்கிறது. நாளை நான் பதில் சொல்லவேண்டும். நல்ல பியானோவில் கை வைத்தால் தேறிவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

இன்று வாசிக்கையில் அவருடைய மோதிரவிரல் வழுக்கிப் பக்கத்துக் கட்டையில் விழுந்ததைக் கண்டேன். உடனே தகரவேலிக்கு அப்பாலிருந்து பரமேஸ்வரி அக்காவின் குரல் வந்தது.

“என்ன மாஸ்டர், நடுவுல பிழைச்சிட்டு? வயசு போயிட்டுப் போல!”

“ஓம் புள்ள, நகம் வளர்ந்திட்டு,” என்று அப்பா சிரித்தார்.

“மறுகா ஒருக்கா முதல்ல இருந்து வாசிங்க.”

வேலியில் ஓட்டை இல்லை. அக்கா அவருடைய கையைப் பார்த்திருக்க முடியாது.

அப்பா என் பக்கம் திரும்பினார். “ஆக்கள் கேட்டுட்டு இருக்கக்குள்ள எப்பிடி மகன் எழும்பிப் போற?”

அந்த வீட்டில் அக்காவைத் தவிர எல்லோரையும் கடல் கொண்டுபோய்விட்டது. அப்பா மறுபடி தொடங்கினார். வேலிக்கு அப்பால், மணலில் பல பேர் அமரும் அரவம் கேட்டது.

வரமாட்டார் என்று கொழும்புக்குச் சொல்லிவிடுகிறேன்.