கழுத்துக்கு மேல் மட்டும் தெரிகிற மகளுக்கு

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, பார்க்க நீ விடுவதில்லையே. தினமும் போனில் முகம் காட்டுகிறேனே, இப்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்ததும் "அம்மா, சிக்னல் சரியில்ல" என்கிறாய். கடிதத்தில் அப்படிச் சொல்லித் தப்ப முடியாது, கடைசி வரி வரை படித்தாக வேண்டும்.

அப்பாவின் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று நினைக்கிறேன். உன் அழைப்பு வந்தால் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடுகிறார். எதற்கு என்றால் "காத்தாடப் பேசலாம்னுதான்" என்கிறார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அந்த மனிதர் காற்று வாங்கி நான் பார்த்ததில்லை. போன வாரம் பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே, "புள்ளத்தாச்சிங்க எந்த மாசம் வரைக்கும் விமானத்துல போலாம்?" என்று கேட்டார். எதற்கு என்றேன். குறுக்கெழுத்தில் கேட்டிருக்கிறார்களாம். எத்தனை எழுத்து என்றேன். கட்டம் சரியாகத் தெரியவில்லை என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

உன் அண்ணன் வீட்டிலும் இதே கதைதான். ஒருக்களித்துப் படுக்கும்போது அணைத்துக்கொள்கிற நீளத் தலையணை எங்கே கிடைக்கும் என்று அண்ணி விசாரித்தாள். யாருக்கு என்றேன். தோழிக்கு என்றாள். எந்தத் தோழிக்கு என்றதும் "ஐயோ, பால் பொங்குது அத்தை" என்று சமையலறைக்கு ஓடினாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை.

நீயோ போனைக் கழுத்துக்கு மேலே பிடித்துக்கொண்டுதான் பேசுகிறாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அதைக் குடும்பமாகச் சேர்ந்து, அதுவும் பிரசவ வகுப்பு நடத்துகிறவளிடமே செய்வார்கள் என்று நினைக்கவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. கண்ணில் பட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சரி, என் வகுப்புக் கதைக்கு வருகிறேன். மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற அதே அறைதான். பாய்களும் பெரிய ரப்பர் பந்தும் துணிப் பொம்மைகளும் அப்படியே இருக்கின்றன. இந்த முறை வகுப்பில் ஒரு வித்தியாசமான ஆள் சேர்ந்தார். எல்லோரும் ஜோடியாக வர, இவர் மட்டும் தனியாக வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்துகிற வேலையாம். எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒரு விரலில் பிளாஸ்திரி இருக்கும். மனைவி வரவில்லையா என்று கேட்டேன். "அவங்களால வர முடியாது மேடம். நான் கத்துக்கிட்டுப் போய் சொல்லிக் குடுத்துடுவேன்" என்றார். உடம்பு சரியில்லையா என்றால், "நல்லா இருக்காங்க" என்றார். முதல் குழந்தையா என்றேன். அதற்கு மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ஆமாம் என்றார்.

முதல் குழந்தையா என்ற கேள்விக்கு யாராவது யோசிப்பார்களா? எனக்கு அங்கேயே பொறி தட்டியது.

பிறகு அவர் கேட்ட கேள்விகளைப் பார். மற்ற ஆண்கள் மருத்துவமனைக்கு என்ன எடுத்துப் போக வேண்டும், தொப்புள்கொடியைப் பார்த்து மயக்கம் வருமா என்று கேட்பார்கள். இவர் நல்லபடியாக நடப்பதைப் பற்றி ஒன்றுகூடக் கேட்கவில்லை. அசைவு குறைந்தால் எப்படித் தெரியும், நள்ளிரவில் போனால் மருத்துவமனையில் சிரிப்பார்களா, வெறும் பயம்தான் என்று திருப்பி அனுப்பினால் என்ன செய்வது என்றே கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்துத் தெருவில் புதிதாக ஒரு பிரசவ வகுப்பு தொடங்கியிருக்கிறார்கள், என்னை வேவு பார்க்க அங்கிருந்து அனுப்பிய ஆளோ என்றுகூட நினைத்தேன். வங்கியில் வேலை செய்கிற ஒரு கர்ப்பிணி என்னைத் தனியாக அழைத்து, "மேடம், அவருக்கு மனைவின்னு ஒருத்தங்க இருக்காங்களான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு" என்றாள். எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போல ஆயிற்று.

குழந்தையைத் தூக்கப் பழக்குகிற வகுப்பில் என் சந்தேகம் முற்றிவிட்டது. முதல் முறை அப்பாவாகப் போகிறவர்கள் துணிப் பொம்மையைத் தர்பூசணி வாங்குகிறவர்கள் மாதிரிதான் பிடிப்பார்கள். உன் அண்ணன் நிஜக் குழந்தையையே அப்படித்தான் பிடித்தான். இவர் கையில் பொம்மையைக் கொடுத்தேன். நான் சொல்லிக் கொடுப்பதற்கு முன்னாலேயே ஒரு கை தலைக்கு அடியில் போனது. இன்னொரு கை முதுகைத் தாங்கியது. பொம்மையின் முகத்தில் கிடந்த துணியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டார். எல்லோரும் பொம்மையைத் திருப்பிக் கொடுத்த பிறகும் அவர் கொடுக்கவில்லை. நான் கையை நீட்டிக் கேட்டதும்தான் தந்தார்.

இந்தக் கைக்குக் குழந்தை புதிதில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். எங்கேயோ இன்னொரு குடும்பம் இருக்கிறது, பாவம், இவர் மனைவிக்குத் தெரியாது என்று என் மனம் ஒரு சினிமாவே எடுத்துவிட்டது. அன்று வகுப்பு முடிந்ததும் கதவைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். உன் அம்மா இந்த வயதில் துப்பறியக் கிளம்பிவிட்டாள் என்று சிரிக்காதே. பஸ் வருவதற்குள் நேராகவே கேட்டேன். "முதல் குழந்தைன்னு சொன்னீங்க. உங்க கை அப்படிச் சொல்லலையே. இதுக்கு முன்னாடி எத்தனை குழந்தைய வளத்திருக்கீங்க?"

அவர் கோபப்படவில்லை. விரலில் இருந்த பிளாஸ்திரியைத் தடவிக்கொண்டே சொன்னார். "வளக்கலை மேடம். ஒரு பகல் மட்டும் கையில வச்சிருந்தேன். பொறக்கும்போதே உயிர் இல்ல. எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கோங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. அதான் வச்சிருந்தேன்."

அவரே தொடர்ந்து பேசினார். அவருடைய மனைவி போன தடவை என் வகுப்புக்கு வந்தவள்தானாம். அப்போது அவருக்கு வெளியூரில் வேலை. அவள் தன் அக்காவோடு வந்திருக்கிறாள். யாரென்று சொன்னதும் நினைவு வந்துவிட்டது. மூச்சுப் பயிற்சியின்போது அடக்க முடியாமல் சிரித்து எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள். பிரசவத்துக்குப் பிறகு அவளிடமிருந்து எனக்கு ஒரு செய்தியும் வரவில்லை. செய்தி சொல்லாதவர்களை நான் எப்போதுமே, குழந்தை வந்த மும்முரத்தில் நம்மை மறந்துவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன். அவளையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

"உங்க மேல அவளுக்குக் கோவம் எதுவும் இல்ல மேடம்" என்றார். "நீங்க சொல்லிக் குடுத்தா தைரியமா இருக்கும்னு அவதான் என்னை அனுப்பினா. ஆனா உங்க முகத்தைப் பாத்தா, அப்ப எவ்வளவு சந்தோஷமா இருந்தோம்னு ஞாபகம் வந்துடுமாம். அதத் தாங்க முடியாதுங்கறா." பஸ் வந்தது. அவர் ஏறிப் போய்விட்டார். நான் ஏற வேண்டிய பஸ்ஸும் அதுதான். ஏறாமல் நின்றுவிட்டேன்.

அவர் சொன்ன கடைசி வாக்கியம்தான் காரணம். போன வருஷம் மழைக்காலம் முழுக்க நீ போனில் முகமே காட்டவில்லை. வேலை தலைக்கு மேலே இருக்கிறது என்றாய். பிறகு ஒரு நாள் தலைமுடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டு போனில் வந்து நின்றாய், நான் அதற்கு உன்னைத் திட்டினேன். அதற்கு முன்பு நீ பேசிய ஒரு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. நான் வகுப்புக் கதைகளை அளந்துகொண்டே போனேன். யாருக்குச் சுலபமாகப் பிறந்தது, யாருக்கு இரட்டை, எந்த அப்பா அழுதார் என்று சொல்லச் சொல்ல நீ வெறும் உம் கொட்டினாய். அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு அந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "போன வருஷம் அவளுக்கு நடந்ததும் உங்களுக்குத் தெரியுமா?" அவர் பேப்பரை நாலாக மடித்தார். "அவ உன்கிட்டச் சொல்ல வேணாம்னா. என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். மாடிக்குப் போகவில்லை. தோட்டக் குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டிருந்தார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

கண்ணாடிக்காரர் கதையை முடிக்கவில்லையே. அவர்கள் சம்மதம் கேட்டுவிட்டு நானே வீட்டுக்குப் போனேன். பொம்மையையும் பந்தையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்தப் பெண் கதவைத் திறந்து, என்னைப் பார்த்ததும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் தேநீர் போட்டுக் கொடுத்தாள். "மறுபடியும் அப்படி ஆச்சுன்னா?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பாடம் எதுவும் இல்லை. "எனக்குத் தெரியலம்மா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியும் என்றால் உன் அண்ணன் நம்ப மாட்டான்.

அவர்களுக்குச் சொன்னதை, சும்மா செய்திக்காக, இங்கே எழுதிவைக்கிறேன். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்த மாதிரி தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. யார் சிரித்தாலும் சிரிக்கட்டும், உடனே போக வேண்டும். வெறும் பயம் என்று திருப்பி அனுப்பினால் சந்தோஷமாகத் திரும்பி வர வேண்டும். மறுநாளும் அப்படித் தோன்றினால் மறுநாளும் போக வேண்டும். பயப்படுவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

நேற்று அவர் போன் செய்தார். பெண் குழந்தை. எடை எவ்வளவு, யார் ஜாடை என்று எதுவும் சொல்லவில்லை. "அழுதுச்சு மேடம். நல்லாச் சத்தமா அழுதுச்சு" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். நான் ஏன் அழுதேன் என்று அப்பா கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

சின்னவளே, இனி உன்னிடம் எதையும் துருவிக் கேட்க மாட்டேன். போனை உனக்குக் கை வலிக்காத மாதிரி பிடித்துக்கொள். என்னிடம் சொல்லத் தோன்றுகிற அன்றைக்குச் சொல், சொல்லத் தோன்றவே இல்லை என்றாலும் குறையில்லை. அப்பாவிடம் பேசிக்கொண்டே இரு, அவர் உன் ரகசியத்தை நன்றாகவே காப்பாற்றுகிறார். அம்மா பக்கத்தில் இருந்தால் தேவலை என்று எப்போதாவது தோன்றினால் ஒரு வார்த்தை போதும், வருகிறேன். வந்து வகுப்பு எடுக்க மாட்டேன். பேசாமல் உட்கார்ந்திருக்க இப்போது எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். அந்த வீட்டில் நீங்கள் எத்தனை பேர் இருக்கிறீர்களோ, அத்தனை பேரும் நன்றாக இருங்கள்.

என்றும் உன்
அம்மா