சுறா எண்ணெய் பூசிய கதவு

நவம்பர் 14, 2091. காலை 7.10
மன்னார் வளைகுடா, கடலடிச் சுறா ஆய்வுக்கூடு. காவல்: கஸ்பார் மச்சாது, ஒற்றை ஆள். காற்று சரி, விளக்கு சரி, முதுகு சரியில்லை. இதைப் படிப்பவருக்கு ஒரு சேதி: சுறா மரங்களுக்கும் மூத்தது. மேலே கப்பலில் இருக்கும் விஞ்ஞானி பிலோமி, என் அக்கா மகள், நாற்பது கோடி வருஷம் என்கிறாள். நான் ஐம்பது என்றே எழுதுகிறேன். மூத்தவர்களுக்கு வயதைக் குறைத்துச் சொல்வது மரியாதையா?

நவம்பர் 15. காலை 9.30
அடிக்கதவின் ரப்பர் வளையம் காய்ந்து கிறீச்சிட்டது. அதற்குப் பூசப் பிலோமி கொடுத்த மசகு தீர்ந்துபோச்சு. சுறாவுக்கு மற்ற மீன் மாதிரி காற்றுப்பை கிடையாது. ஈரல் எண்ணெய்தான் அதை மூழ்கவிடாமல் தாங்குகிறது. எங்கள் ஆட்கள் வள்ளத்துக்கு அதைத்தானே பூசுவார்கள்? மூட்டுவலிக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த சுறா எண்ணெய்ப் போத்தல் இருந்தது. வளையம் முழுக்கத் தடவிவிட்டேன். இந்த வித்தை எந்தக் காலேஜிலும் கிடையாது.

நவம்பர் 18. காலை 6.00
ரப்பர் எண்ணெய் குடித்து இட்லி மாதிரி உப்பிவிட்டது. கதவோரம் தண்ணீர். வள்ளம் மரம், இது ரப்பர், இப்போதுதான் உறைக்கிறது. மேலே புயல். கப்பல் போனில் பிலோமி:
"மாமா, மீட்புப் பெட்டியில நானே இறங்கி வாரேன். கதவோட பொருத்தினா ஏறிடலாம்."

பகல் 11.40
தண்ணீர் இடுப்பளவு. அளவுமானி செத்தது, இங்கே எவ்வளவு தண்ணீர் என்று மேலே தெரியாது. உப்பிய இந்த வளையத்தில் பெட்டி பொருந்தாது. அவள் பெட்டி மூடியைத் திறந்தால் தண்ணீர் புகுந்து இரண்டு பேரும் போவோம். உண்மையைச் சொன்னால் கட்டாயம் வருவாள். அக்காவின் பிடிவாதம் அப்படியே.
"கசிவு நின்னுட்டுடி. மாமன் கைபட்டா நிக்காதா?"
"சும்மா அளக்காதீய மாமா. தண்ணி எம்புட்டு?"
"கால்கூட நனையல. காத்து ஒரு வாரத்துக்கு இருக்கு. புயல் அடங்கட்டும், மெல்ல வா. வரும்போது சுறாப்புட்டு கொண்டா."
"புட்டு ஒண்ணுதான் குறைச்சல்! சரி மாமா, நாளைக்கழிச்சு வாரேன்."
வாழ்நாளில் இவ்வளவு சுலபமாக என்னை ஒருத்தரும் நம்பியதில்லை.

பகல், மணி தெரியவில்லை
விளக்கு போயிற்று, தடவித் தடவி எழுதுகிறேன். தண்ணீர் நெஞ்சுவரை. அசதி. படிப்பவரே, எண்ணெய் விஷயத்தை எல்லாருக்கும் சொல்லுங்கள். பொய் சொன்னது பிலோமிக்குத் தெரியவேண்டாம்.
சுறா மூக்கில் பொடித் துவாரங்கள் உண்டு. நெஞ்சு துடிக்கிற துளி மின்சாரத்தை இருட்டிலும் பிடித்துவிடும். இது நான் சேர்த்துச் சொல்வதல்ல.
கதவு பிளந்துவிட்டது, அந்த வழியே ஒன்று உள்ளே வந்துவிட்டது. அரம் மாதிரித் தோல், தொடையை உரசிப் போனது. திரும்புகிறது. சின்னதுதான், நான்கு முழம். பத்து என்று எழுதவேண்டும், கை