ஆல்டர் ரோட்டின் நடுவே ஒரு கட்டில்

ஸ்மெதிக், இங்கிலாந்து

அன்புள்ள சுவரண் சிங்கிற்கு,

எதிர்வீட்டு மெஹர் சிங் எழுதிக்கொள்வது. சொல்வது நான், எழுதுவது மருமகள் குல்விந்தர். குருவின் அருளால் இங்கே எல்லாரும் நலம். கனடாவில் உன் கால் எப்படி இருக்கிறது?

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ரோட்டை அடைத்துவிட்டார்கள். கஃபூர் வீட்டருகே மாட்டுத் தொட்டி மாதிரி பெரிய மரப்பெட்டிகளை வைத்து மண்ணை நிரப்பியிருக்கிறார்கள். ஆள் போகலாம், சைக்கிள் போகலாம். குறுக்குவழி தேடிப் பறந்து வரும் கார் மட்டும் வந்த வழியே திரும்ப வேண்டும். "அந்த ரோட்டை நிம்மதியா கடக்க முடியுற அன்னைக்குத்தான்டா திரும்பி வருவேன்" என்று விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் இருந்தபடி நீ சொன்னாய். எனக்கு எதுவும் மறப்பதில்லை. உன்னை இடித்த கார் பச்சை நிறம். கால் மடங்கிக் கிடந்தவன் முதலில் விசாரித்தது சிதறிப்போன வெண்டைக்காயை.

ஆறு மாதச் சோதனைக்குத்தான் பெட்டிகளை வைத்தார்கள். அதன்பிறகு கூட்டம் போட்டு முடிவு என்றார்கள். உனக்கு ஆசை காட்டி ஏமாற்ற வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை.

முதல் சண்டை என் வீட்டிலேயே. மகன் ஜஸ்பால் டாக்சி ஓட்டுகிறவன் அல்லவா? "சொந்த வீட்டுக்கு வரவே ஊரைச் சுத்த வேண்டியிருக்கு, நீங்க என்னடான்னா பெட்டிக்குத் தண்ணி ஊத்துறீங்க" என்று கத்திவிட்டு, மாடி ஜன்னலில் 'ரோட்டைத் திற' என்று பலகை மாட்டினான். நான் கீழ் ஜன்னலில் 'திறக்காதே' என்று மாட்டினேன். அந்த இங்கிலீஷ் பலகை தலைகீழாகத் தொங்குகிறது என்று குல்விந்தர்தான் பிறகு சொன்னாள்.

தண்ணீர் ஊற்றியது உண்மைதான். அருமையான மண்ணில் நகராட்சி வெறும் பூச்செடி நட்டிருந்தது. மனசு கேட்குமா? நானும் நம் தெருப் பியாராவும் ஓரத்தில் வெந்தயம் தூவினோம். நகராட்சிப் பெண் வந்து நின்றபோது தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் ஒரு கட்டு கீரையோடு போனாள்.

வெயில் வந்ததும் கட்டிலை நடுரோட்டில் போட்டோம். நம்ம சீப் சீட்டாட்டத்துக்கு நாலு கை வேண்டும், என் ஜோடியோ கனடாவில். பியாராவும் கஃபூரும் நானும் சும்மா சீட்டைக் கலைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து பெல் ரோட்டு டோரீன் இடுப்பில் கையோடு வந்து நின்றாள். "உங்க தெருக் காரெல்லாம் இப்ப என் ஜன்னலை உரசிட்டுப் போகுது, நீங்க இங்க கட்டில் போட்டுச் சீட்டா ஆடுறீங்க, பெரியவரே?" என்று பிடித்துக்கொண்டாள். "முதல்ல உட்காரச் சொல்லு, டீயைக் குடிச்சிட்டுத் திட்டட்டும்" என்று குல்விந்தரிடம் சொன்னேன். உட்கார்ந்தாள். டீ ஆறுவதற்குள் கையில் சீட்டு வந்துவிட்டது. மறுநாளும் திட்டுவதற்கென்றே வந்தாள்.

போன வியாழக்கிழமை கூட்டம். பெட்டி போனால் நீ வரமாட்டாய். ஜஸ்பால் எனக்கு எதிராகத்தான் பேசினான். நன்றாகவே பேசினான், பாவி. அடுத்து டோரீன் எழுந்தாள். கண்ணை மூடிக்கொண்டேன். "பெட்டியை எடுத்தா எங்க ரோட்டுல கார் குறையும், ஆனா மறுபடி இங்க யாரையாவது இடிக்கும். பெட்டி இருக்கட்டும். எங்க ரோட்டுக்கும் வேகத்தடை போடுங்க, லாரியை விடாதீங்க" என்றாளாம். குல்விந்தர் அதைப் பஞ்சாபியில் காதில் சொல்லச் சொல்ல என் தாடி நனைந்துவிட்டது.

பெட்டி நிலைத்தது. பெல் ரோட்டுக்கு வேகத்தடை வருகிறது. தீயணைப்பு வண்டிக்காக ஒரு பெட்டியை எடுத்துவிட்டுப் பூட்டைத் திறந்து கழற்றுகிற கம்பம் வைப்பார்கள். ஜஸ்பால் இன்னும் முணுமுணுக்கிறான். ஆனாலும் காரை முனையில் விட்டு நடந்து வருகையில், என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறான்.

ஒரு கவலை மட்டும் உண்டு. உன் இடத்தில் டோரீன் உட்காருகிறாள். ஆறு புள்ளி தரும் டைமன் பத்தை அவள் அள்ளுவதைப் பார்த்தால், நீ இத்தனை வருடம் ஆடியது என்ன ஆட்டம் என்று தோன்றுகிறது. அவளுக்கே அந்த இடம் நிலைப்பதற்குள் வந்து சேர்.

வாஹேகுரு உன் காலுக்குப் பலம் தரட்டும். நீ வரும் அன்று உன் வாசலில் வந்து நிற்பேன். ரோட்டில் கார் இருக்காது. இருந்தாலும் கையைப் பிடித்துத்தான் கூட்டிவருவேன்.

உன் ஜோடி,
மெஹர் சிங்