ஆற்றங்கரையில் மகளின் குரல்

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டாரில் வெயில் குறைந்ததா?

பெருநாளுக்கு மறுநாள் எல்லோரும் ஆற்றில் குளிக்கப் போனார்கள். இந்த முறை நானும் போனேன்.

முன்பு அணைக் கதவைத் திறக்குமுன் சிங்களத்தில் மட்டும்தானே அறிவிப்பார்கள்? அது விளங்காமல்தானே நம் மகன் அரூஸ் பாறையிலேயே இருந்து தண்ணீரோடு போனான். இப்போது தமிழிலும் சொல்கிறார்கள். நம் மகள் ஸுமைரா விடாமல் போய்க் கேட்டதால், அவளின் குரலையே பதிவு செய்திருக்கிறார்கள்.

"கதவு திறக்கப் போறாங்க. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு மேல ஏறுங்க!"

தண்ணீர் வந்தபோது பாறையில் ஒருவர்கூட இல்லை.

யாரையும் தொடவிடாமல் அலுமாரியில் வைத்திருந்தேனே, அரூஸின் அந்த நீலத் துவாயைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். கரையேறி நடுங்கிய ஒரு சின்னப் பிள்ளையை அதைக்கொண்டு துவட்டி, அவனுக்கே கொடுத்துவிட்டேன். கோபிக்க மாட்டீர்கள்தானே?

இந்த லீவையும் தள்ளிப்போடாமல் வாருங்கள்.

உங்கள் இரண்டு பிள்ளைகளின் உம்மா