திருஷ்டி பொம்மைக்கு வேர்க்குது

நவம்பர் 24, திங்கள்

வெளிச்சுவரில் மாட்டியிருக்கும் திருஷ்டி பொம்மையின் முகம் வியர்த்திருந்தது. மழை இல்லை. மீசை நுனியில் ஒரு சொட்டு. கீழே வெள்ளையாகத் தாடி மாதிரி ஏதோ. சிரிப்பு வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

நவம்பர் 25, செவ்வாய்

கார்த்திகை தீபத்துக்கு விடுதியில் எல்லா அறையும் நிரம்பிவிட்டது. இந்த மாத மழையை நம்பி மாடியில் துணி போட முடியாது, டிரையர்தான் கதி. அதுவோ மூன்று மணி நேரம் சுற்றியும் போர்வையை ஈரமாகவே தருகிறது. உள்ளே இருக்கும் பஞ்சு வலையைத் தினமும் துடைக்கிறேனே!

முதலாளி அருணாதேவி அக்கா ஒரு போர்வையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "மெஷின் முடிஞ்சிபோச்சு மணிமொழி. தீபம் முடிஞ்சதும் துணியெல்லாம் வெளில குடுத்துடலாம்."

துணி வெளியே போனால் எனக்கு இங்கே என்ன வேலை? கேட்கவில்லை. பத்தாவதில் விடை தெரிந்தும் எழுந்து நிற்காதவள்தானே.

நவம்பர் 26, புதன்

டிரையரின் பின்பக்கம் கொதிக்கிறது. அதன் குழாய் சுவருக்குள் போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம்? போய்ப் பார்த்தேன் — பொம்மை! ஓட்டை அசிங்கமாக இருக்கிறதென்று போன மாதம் அக்காதான் அதன் மேலேயே மாட்டினார். சூட்டுக் காற்று வெளியே போக வழியில்லை. அந்தத் தாடி, நம் துண்டுகளின் பஞ்சு.

நாளைக்குச் சொல்ல வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

சொல்லவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

சாயங்காலம் டிரையர் ஓடிக்கொண்டிருந்தது. சமையல் ராணியம்மாள் "பொம்மைக்கு வேர்க்குதும்மா!"னு கத்தினாங்க. அக்காவுக்குக் கண்ணே கலங்கிடுச்சு. "நம்ம மேல இருந்த கண்ணெல்லாம் அது வாங்கிக்கிச்சு"னு தட்டில் கற்பூரம் ஏற்றி, நேரே தாடிக்குக் கிட்ட கொண்டு போறாங்க. பஞ்சு! குழாய் முழுக்கப் பஞ்சு!

"அக்கா, வேணாம்! பத்திக்கும்!"

என் குரலா அது? ரோட்டில் போன ஆட்டோ நின்றுவிட்டது. கற்பூரத்தை வாயால் ஊதக்கூடாது, தெரியும். ஊதிட்டேன்.

"சாமி கற்பூரத்த ஊதறியே, அறிவில்ல உனக்கு?" என்றார் அக்கா.

பொம்மையைக் கழற்றினேன். முயல் அளவுக்குப் பஞ்சு பொத்தென்று விழுந்தது.

"ஐயே, வேர்வ இல்லம்மா, ஆவி!" என்றார் ராணியம்மாள்.

அக்கா பஞ்சைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். "இத்தினி நாளா வாயில இன்னாடி வெச்சினு இருந்த?"

நவம்பர் 29, சனி

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் குச்சியில் கட்டிக் குழாயை இரண்டு பக்கமும் துடைத்தேன். ஓட்டையின் தகர மூடி ஒட்டிக் கிடந்தது, அதையும் கழுவினேன். மெஷினைப் போட்டதும் மூடி படபடவென்று அடித்தது. போர்வை ஐம்பதே நிமிடம்!

டிசம்பர் 5, வெள்ளி

தீபக் கூட்டம் போய்விட்டது. அத்தனை போர்வையும் இங்கேயே காய்ந்தது. "இனிமே மாசாமாசம் அந்த ஓட்டைய நீதான் பாக்கணும்" என்றார் அக்கா. "பொம்மைய எங்க மாட்டலாம்? நீயே சொல்லு."

"வாசல் தூண்ல" என்றேன். மீசையில் மிச்சமிருந்த பஞ்சைத் துடைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறி நானே ஆணி அடித்தேன்.