மேலத்துறையில் விட்ட சேலை

கல்லிடைக்குறிச்சி,
புதன்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு அன்னத்தாய் எழுதுவது.

இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம். நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் நம் பையன் கணேஷ்ராம் பேரை எடுத்தாலே வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் நாளை மஸ்கட் திரும்பும் பக்கத்து வீட்டு ஹெப்ரான் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படியுங்கள்.

சித்ரலேகா பள்ளிக்கூடத்தில் அடுத்த வாரம் அறிவியல் கண்காட்சி. மற்ற பிள்ளைகள் எரிமலை, காற்றாலை என்று அட்டை வெட்டுகிறார்கள். நம் மகள் எடுத்திருப்பது, காரியம் முடிந்து ஆற்றில் விடும் துணி எங்கே போய்ச் சேருகிறது என்று. டீச்சர் பாராட்டினார்களாம்.

மேலத்துறையில் துணித்துண்டுகளை அடையாளத்துக்கு நூல் கட்டி விடுகிறாள். நைலான் துண்டெல்லாம் கீழத்துறைப் பாறை இடுக்கில் போய்ச் சிக்குகிறது. எத்தனை தடவை விட்டாலும் அங்கேதான். நம் பையன் காலில் துணி சுற்றி மூழ்கிய அதே இடம்.

நேற்று சாப்பிடும்போது கேட்டாள், "எம்மா, அத்தை சேலைய அப்பா எந்தத் துறையில விட்டாவ?" பாபநாசத்தில் என்றேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். உங்கள் அக்கா காரியத்தன்று செம்பைப் பிடித்துக்கொண்டு மேலத்துறைக்கு உங்கள் கூடவே வந்தவள் அவள்தான். அவசரத்தில் அதை மறந்துபோனேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுச் சேலை விட்டுப் பார்க்கப் போகிறாளாம். பீரோவில் என் நைலக்ஸ் சேலையைக் காணோம். அதை எடுக்கக் கீழத்துறையில் இறங்கத்தானே வேண்டும், அத்தான்? அடித்தும் பார்த்தேன். அழக்கூட இல்லை. எத்தனை நாள் பூட்டி வைக்க முடியும்?

முத்துராணி மதினிக்குப் புருஷன் பிள்ளை இல்லை. தம்பியாக நின்று நீங்கள்தான் எல்லாம் செய்தீர்கள். ஊரே இந்த ஆற்றில்தான் சேலையை விடுகிறது. பையன் காலில் சுற்றியிருந்ததை அவிழ்த்ததும் நீங்கள்தான். யாருக்கும் காட்டாமல் சுருட்டி எங்கேயோ எறிந்தீர்கள். அது மதினியின் பச்சைச் சேலைதானா என்று நான் கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டேன்.

ஆனால் அவள் கேட்பாள். அப்போது நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும். லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வாருங்கள். கஞ்சி குடித்துக் காலந்தள்ளலாம்.

நெல்லையப்பர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். அவள் தண்ணீரில் இறங்கும் முன்னால் வந்துவிடுங்கள்.

உங்கள்
அன்னத்தாய்